உஷார்! ஐ-130 ஒப்புதல் வந்துவிட்டது என்று வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள்

துபாயிலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, கணவருக்கோ மனைவிக்கோ அமெரிக்கக் குடியேற்ற விசா கேட்டு மனு போடப் போகிறீர்களா? அல்லது போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்களா? எதுவானாலும் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். ஐ-130 மனுவுக்கு ஒப்புதல் வந்த அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளின் பள்ளிக்குக் கடிதம் கொடுத்து, வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, பிறகு மாதக்கணக்கில் அக்கா வீட்டிலும் அம்மா வீட்டிலும் தங்கிக் காத்திருக்கும் நிலைக்குக் குடும்பங்கள் வருகின்றன. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

விசா யாருக்கு வேண்டுமோ அவரைப் பற்றித்தான் வீட்டில் எல்லோரும் கவலைப்படுவார்கள். பெண்ணின் படிப்பு, பையனின் வேலை, நேர்காணலில் என்ன கேட்பார்கள், கல்யாண ஆல்பத்தை எடுத்துப் போகலாமா. மனு போடுகிறவர் அமெரிக்கர், அவருக்கென்ன குறை என்று விட்டுவிடுவார்கள். வெளிநாட்டில் குடியிருக்கும் தம்பதிகளுக்கு விபத்து நடப்பது பெரும்பாலும் அவர் பக்கம்தான். அவர் எங்கே வாழ்கிறார், எங்கே சம்பாதிக்கிறார், எப்போது வரி கட்டினார், எப்போது திரும்பப் போகிறார் என்ற கேள்விகள் மனு போடும் நாளில் எழுவதில்லை. ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் வந்து நிற்கின்றன.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைக் களைய வேண்டும். "நாம் இருக்கும் நாட்டிலேயே அமெரிக்கத் தூதரகத்தில் மனுவைக் கொடுத்துவிடலாம், சில மாதத்தில் முடிந்துவிடும்" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது உண்மை. பல நாடுகளில் அமெரிக்கக் குடியுரிமைத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸின் அலுவலகங்கள் அப்படி மனு வாங்கின. 2020 பிப்ரவரி 1 முதல் அந்த வழி மூடப்பட்டுவிட்டது. இன்று நீங்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் ஐ-130 மனு இணையம் வழியாகவோ தபாலிலோ அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும்.

விதிவிலக்கு உண்டு, ஆனால் குறுகியது. மருத்துவ அவசரம், உயிருக்கு ஆபத்து போன்ற சூழ்நிலைகளில் தூதரகம் மனுவை நேரடியாக வாங்கலாம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அமெரிக்கக் குடிமகனுக்குத் திடீரென்று அமெரிக்காவுக்கு மாற்றலோ வேலை வாய்ப்போ வந்து, கிளம்ப அவகாசம் இல்லாவிட்டால் அதுவும் இந்தப் பட்டியலில் வரும். உங்கள் நிறுவனம் அப்படி மாற்றல் கொடுத்தால், அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அவசரப்பட்டு இணையத்தில் மனு போட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. "தூதரகத்தில் எங்களுக்கு ஆள் இருக்கிறது, நேரடியாகப் போட்டுத் தருகிறோம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்த அலுவலகத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்த முடிவை எடுப்பது தூதரக அதிகாரி மட்டுமே, அதற்கு விலை கிடையாது.

அடுத்தது கிரீன் கார்டுக்காரர்கள். எனக்கு மிகுந்த பதைப்பைத் தருவது இவர்கள் நிலைதான். பத்து வருடத்துக்குச் செல்லும் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது. அதனால் பத்து வருடமும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிடையாது. கிரீன் கார்டு என்பது அமெரிக்காவில் நிரந்தரமாக வாழ்வதற்கான உரிமை. வெளியே வாழத் தொடங்கினால் அந்த உரிமையே கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். தொடர்ந்து ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருந்துவிட்டால், திரும்பி நுழைவதற்கு அந்த அட்டை செல்லாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும் என்பதும் ஆபத்தான பேச்சு. வீடு, வேலை, குடும்பம் எல்லாம் துபாயில், வருடத்தில் இரண்டு வாரம் மட்டும் நியூஜெர்சியில் என்றால், விமான நிலைய அதிகாரி அதைப் பார்த்துக் கேள்வி கேட்க முழு அதிகாரம் உண்டு.

கணவர் கிரீன் கார்டு வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருந்தபடியே மனைவிக்கு மனு போட்டிருக்கிறார் என்று வையுங்கள். கிரீன் கார்டுக்காரரின் துணைவருக்கான எஃப்2ஏ பிரிவில் ஆண்டுக்கு இத்தனை விசா என்ற வரம்பு உண்டு. 2023 ஏப்ரலில் அந்தப் பிரிவு இரண்டு வருடத்துக்கு மேல் பின்னுக்குப் போனது. காத்திருக்கும் காலத்தில் கணவரின் கிரீன் கார்டே பறிபோனால் மனைவியின் மனுவும் அதோடு விழுந்துவிடும். போட்ட பணமும் காத்திருந்த காலமும் போய், இருவரும் வெளியே நிற்பார்கள். மனைவிக்காகக் காத்திருக்கத்தானே வெளியே இருந்தேன் என்ற நியாயம் அங்கே எடுபடாது.

கட்டாயம் வெளியே இருக்க வேண்டியிருந்தால் கிளம்பும் முன்பே ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்குங்கள். அதற்கான ஐ-131 விண்ணப்பத்தை அமெரிக்க மண்ணில் இருக்கும்போதுதான் கொடுக்க முடியும். சென்னைக்கு வந்து சேர்ந்த பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. அது பொதுவாக இரண்டு வருடம் வரை செல்லும். அமெரிக்க வரிப் படிவத்தில் 'நான்-ரெசிடென்ட்' என்று போட்டுக்கொடுக்கும் கணக்காளரின் யோசனைக்குத் தலையாட்டாதீர்கள். கொஞ்சம் வரி மிஞ்சும், ஆனால் அமெரிக்காவில் குடியிருப்பதை நானே கைவிட்டேன் என்று எழுத்தில் கொடுத்ததாக அது பிறகு காட்டப்படும். விமான நிலையத்தில் ஐ-407 என்ற படிவத்தை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது கிரீன் கார்டைத் தானாக முன்வந்து ஒப்படைக்கும் படிவம். கையெழுத்திட மறுத்து, குடிவரவு நீதிபதி முன் வாதாட உங்களுக்கு உரிமை உண்டு.

இதே இடத்தில் ஒரு நல்ல செய்தியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் தெரியாமல் வருடங்களை இழக்கிறார்கள். வேலைவழியாகக் கிரீன் கார்டு வாங்கியவருக்கு, அதற்கு முன்பே திருமணம் ஆகியிருந்தால், மனைவிக்குப் புதிதாக ஐ-130 போட வேண்டியதே இல்லாமல் போகலாம். கணவரின் பழைய மனுவின் அடிப்படையிலேயே பின்தொடர்ந்து வரும் துணைவராக அவர் விசா கேட்க முடியும். திருமணம் முந்தியதா, கிரீன் கார்டு முந்தியதா என்ற தேதியை முதலில் பாருங்கள்.

இனி அமெரிக்கக் குடிமக்களுக்கு வருகிறேன். பாஸ்போர்ட் கையில் இருப்பதால் உங்களுக்குக் குடியுரிமை போகும் பயமில்லை, வரிசையும் இல்லை. ஆனால் உங்களுக்கென்று காத்திருக்கும் பொறி ஐ-864. மனைவியை அரசின் உதவித்தொகையில் விடாமல் நான் பார்த்துக்கொள்வேன் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம் அது. அதில் கையெழுத்திடுகிறவர் அமெரிக்காவில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். 'டொமிசைல்' என்று அதிகாரிகள் கேட்பது இதைத்தான். ஐந்து வருடமாக ஷார்ஜாவில் இருக்கும் ஒருவர் நான் அமெரிக்கக் குடிமகன் என்று பாஸ்போர்ட்டை நீட்டினால் அது பதிலாகாது. நேர்காணல் நன்றாக நடந்து, மனைவி எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு, 221(ஜி) என்ற தாளைக் கையில் கொடுத்து, கணவரின் வசிப்பிடத்துக்கு ஆதாரம் கொண்டுவா என்று அனுப்பிவிடுவார்கள்.

அமெரிக்க அரசு வேலையிலோ, வெளிநாட்டு வாணிகம் செய்யும் அமெரிக்க நிறுவனத்தின் வேலையிலோ, சர்வதேச அமைப்பிலோ தற்காலிகமாக வெளியே இருந்தால் சட்டமே உங்களுக்கு இடம் கொடுக்கிறது. உள்ளூர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, அமெரிக்காவோடு உள்ள தொடர்பை விடாமல் வைத்திருக்கிறேன், இங்கே இருப்பது தற்காலிகம் என்று காட்டுவது. மற்றது, மனைவி அமெரிக்காவுக்குள் நுழையும் நாளுக்குள் நான் அங்கே குடியேறிவிடுவேன் என்று காட்டுவது. இரண்டாவது வழியில் வெறும் வாக்குமூலம் போதாது. வேலைக்கான நியமனக் கடிதம் அல்லது விண்ணப்பங்களும் பதில்களும், வாடகை ஒப்பந்தம் அல்லது அண்ணன் வீட்டில் தங்கப்போகிறோம் என்று அண்ணன் எழுதிய கடிதமும் அவர் வீட்டுப் பத்திரமும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்ததற்கான தாள், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, சாமான் அனுப்பும் கம்பெனியின் விலைப்பட்டியல், இருக்கும் வேலையை விடுவதற்குக் கொடுத்த நோட்டீஸ். இவற்றில் எத்தனை சேருமோ அத்தனை நல்லது. மனு போட்ட நாளிலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டு வாருங்கள். நேர்காணல் தேதி வந்த பிறகு ஓடினால் தேதியிட்ட தாள்கள் எல்லாம் அந்த ஒரு வாரத்தில் பிறந்ததாக இருக்கும். அதிகாரிக்கு அது புரியாமல் போகாது.

வருமானம் அடுத்த பள்ளம். 2025 கணக்குப்படி, கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள குடும்பத்துக்கு வறுமைக் கோட்டு அளவு ஆண்டுக்கு 21,150 டாலர். அதில் 125 சதவீதம், அதாவது ஏறத்தாழ 26,438 டாலர் வருமானம் காட்ட வேண்டும். அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் வேறு அளவு. இந்தத் தொகை ஒவ்வோர் ஆண்டும் மாறும். அபுதாபியில் இதைப்போல் நான்கு மடங்கு சம்பாதிக்கிறேனே என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. அமெரிக்காவுக்குப் போன பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வரும் வருமானம் மட்டுமே கணக்கில் சேரும். வேலையை விட்டுவிட்டுப் போகிறவருக்கு அந்தச் சம்பளம் சுழி. அமெரிக்காவிலிருந்தே அந்த வேலையைத் தொடரலாம் என்று கம்பெனி கடிதம் கொடுத்தால் கதை வேறு. இன்னொன்று, வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வரிவிலக்குக் கோரி நீங்கள் தாக்கல் செய்த படிவத்தில் மொத்த வருமானம் என்ற வரியில் சுழியோ அதற்குப் பக்கத்திலோதான் நிற்கும். அதிகாரி பார்ப்பது அந்த வரியை.

வருமானம் குறைந்தால் அமெரிக்காவில் வாழும் உறவினரோ நண்பரோ கூட்டு ஸ்பான்சராக வரலாம். எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் பாதிதான். கூட்டு ஸ்பான்சர் வருமானக் குறையைத் தீர்ப்பார், உங்கள் வசிப்பிடக் குறையைத் தீர்க்கமாட்டார். மனு போட்டவர் டொமிசைல் காட்டாவிட்டால், சித்தப்பா டெக்சாஸில் மாளிகை வைத்திருந்தாலும் விசா வராது. மனுதாரரின் சொந்த ஐ-864 எப்படியும் வேண்டும்.

சொத்தைக் காட்டலாம். அமெரிக்கக் குடிமகனின் துணைவருக்கு, குறையும் தொகையைப் போல் மூன்று மடங்கு சொத்து வேண்டும். வருமானமே சுழி என்றால், மேலே சொன்ன 2025 கணக்கில் அது சுமார் 79,300 டாலர். வங்கியில் இருக்கும் பணம் என்றால் சிக்கலில்லை. கோயம்புத்தூரில் மனை இருக்கிறது என்றால் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும், வில்லங்கச் சான்று வேண்டும், கடன் இருந்தால் அதைக் கழிக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் விற்றுப் பணமாக்கி எடுத்துவர முடியும் என்று காட்ட வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் நிலமும் பாகம் பிரிக்காத வீடும் இங்கே உதவாது.

அமெரிக்க வரியைத் தாக்கல் செய்யாமலே பல வருடம் வெளியே இருந்தவர்கள் இன்றே கவனியுங்கள். உலகின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் அமெரிக்கக் குடிமகன் கணக்குக் காட்ட வேண்டும். கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை என்பது தாக்கல் செய்யாமல் இருப்பதற்குக் காரணமாகாது. ஐ-864 உடன் கடைசி ஆண்டின் வரித் தாக்கல் கேட்பார்கள். வேண்டுமென்றே ஏய்க்காதவர்களுக்கு வரித்துறையே ஓர் ஒழுங்குபடுத்தும் வழி வைத்திருக்கிறது: மூன்று ஆண்டு வரிப் படிவங்களும் ஆறு ஆண்டு வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கைகளும் கொடுக்க வேண்டும். விசா நேர்காணலுக்கு முந்திய வாரத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை அது.

கூட்டு ஸ்பான்சராக வரும் அண்ணனையும் மச்சானையும் பற்றி ஒரு வார்த்தை. "சும்மா ஒரு கையெழுத்துதான் அண்ணா" என்று சொல்லி வாங்காதீர்கள், வாங்கவிடாதீர்கள். வந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகும்வரை, அல்லது இறக்கும்வரை அந்தப் பொறுப்பு உயிரோடு இருக்கும். இருவரும் விவாகரத்து செய்துகொண்டாலும் அது முடியாது. அவருக்கு இதை விளக்கிவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நடக்கும் தவறு நெஞ்சைப் பிசையும். அமெரிக்கக் குடிமகன் மனைவிக்காகப் போடும் ஐ-130 அவருக்கு மட்டுமே. மனைவியின் முதல் திருமணத்துக் குழந்தை அம்மாவோடு ஒட்டிக்கொண்டு தானாக வராது. அந்தக் குழந்தைக்குத் தனி மனு, தனிக் கட்டணம். மனு போடுகிறவரோடு தாய்க்கு நடந்த திருமணம் குழந்தைக்கு 18 வயது ஆகும் முன் நடந்திருக்கவும் வேண்டும். கிரீன் கார்டுக்காரர் போடும் மனுவில் மட்டும் குழந்தைகள் தாயோடு சேர்ந்து வரலாம். இங்கேதான் குழி. காத்திருக்கும்போது கணவர் குடியுரிமை வாங்கிவிட்டால் மனைவியின் வரிசை போய்விடும், எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் அதே நாளில் குழந்தைகள் அந்த மனுவிலிருந்து விழுந்துவிடுவார்கள். உடனே ஒவ்வொருவருக்கும் தனி மனு போட வேண்டும் என்பது தெரியாமல், தாய்க்கு விசா வந்து குழந்தைக்கு வராமல் நிற்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்குப் பிறந்த குழந்தையாக இருந்தால், மனுவே தேவையில்லையா என்று முதலில் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் அமெரிக்கக் குடிமகனாக இருந்து, குழந்தை வெளிநாட்டில் பிறந்திருந்தால், பிறப்புக்கு முன் அவர் அமெரிக்காவில் மொத்தம் ஐந்து வருடம், அதில் 14 வயதுக்குப் பிறகு இரண்டு வருடம் இருந்திருந்தால் குழந்தை பிறக்கும்போதே அமெரிக்கக் குடிமகன். மாணவராக, எச்-1பி ஊழியராக இருந்த வருடங்களும் இதில் சேரும். ஆனால் பிறந்த நாளில் அவர் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைக்குத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து பாஸ்போர்ட் வாங்க வேண்டும்.

தாள்களில் நம் ஊர்க்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் திருமணப் பதிவில். ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணம், மண்டப ரசீது, அழைப்பிதழ், வீடியோ எல்லாம் இருக்கும். பதிவுச் சான்றிதழ் இருக்காது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், அதற்கு 90 நாள் அவகாசம். விடுமுறைக்கு வந்து தாலி கட்டிவிட்டுப் பதினைந்தாம் நாள் விமானம் ஏறும் மாப்பிள்ளைகள் கிளம்புவதற்கு முன் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத்தான் கிளம்ப வேண்டும். வீடியோ அழைப்பில் ஒருவர் இங்கும் ஒருவர் அங்குமாக நடத்திய திருமணத்தை, அதன் பிறகு இருவரும் சேர்ந்து இல்லறம் நடத்தியிருந்தால் ஒழிய, அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஏற்காது. பழைய திருமணம் முறிந்தது ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதிய விடுதலைப் பத்திரத்தால் என்றால் அதை நம்பி மனு போடாதீர்கள். நீதிமன்றத் தீர்ப்பு நகல் கேட்பார்கள். தீர்ப்புத் தேதிக்கு ஒரு நாள் முன்பு அடுத்த திருமணம் நடந்திருந்தாலும் அந்தத் திருமணம் செல்லாது. மனு போடுகிறவரே முந்திய திருமணத்தின் வழியாகக் கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆகாதவர் என்றால், அந்த முதல் திருமணம் உண்மையானது என்று வலுவான ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும்.

பிறகு நம் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா சுப்பிரமணியன், திருமணச் சான்றில் கவிதா மட்டும், ஆதாரில் கணவர் பெயரோடு. நமக்கு இது ஒரே பெண். கணினிக்கு நான்கு பேர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருந்தால் விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று ஏறிவிடும், ஓட்டுநர் உரிமத்திலிருந்து வங்கிவரை அது துரத்தும். மனு போடும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள், வழங்கிய எல்லாப் பெயர்களையும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். தமிழில் உள்ள சான்றுகளுக்கு, இரு மொழியும் தெரிந்தவர் கையெழுத்திட்டு உறுதி கூறிய முழு மொழிபெயர்ப்பு வேண்டும்.

வெளிநாட்டில் சேர்ந்து வாழும் தம்பதிகளுக்கு ஒரு பலம் உண்டு. துபாய் வீட்டின் இஜாரி ஒப்பந்தம், சிங்கப்பூரின் டிபென்டன்ட் பாஸ், கூட்டு வங்கிக் கணக்கு, காப்பீட்டில் நாமினி பெயர் எல்லாமே உண்மையான இல்லறத்துக்குச் சாட்சி. இவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பொய்த் திருமணத்துக்கு ஐந்து வருடம்வரை சிறை, 2,50,000 டாலர்வரை அபராதம். அப்படி ஒரு முடிவு கோப்பில் ஏறிவிட்டால் அந்த நபருக்கு இனி யார் மனு போட்டாலும் ஒப்புதல் கிடையாது.

மனு நிலுவையில் இருக்கும்போது, அதுவரை சுற்றுலா விசாவில் போய் இருந்துவிட்டு அங்கேயே கிரீன் கார்டுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனை வாட்ஸாப்பில் சுற்றுகிறது. தயவுசெய்து கேட்காதீர்கள். சுற்றுலா விசா விண்ணப்பத்தில், உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்ற கேள்வி இருக்கிறது. ஆமாம் என்றால் விசா மறுக்கப்படலாம். இல்லை என்று எழுதினால் அது பொய்க் கூற்று. பொய்க் கூற்றுக்கான தடை வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொள்ளும், அதை நீக்கத் தனி மன்னிப்பு மனு போட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஒப்புதலுக்குப் பிறகு கோப்பு என்.வி.சி. எனப்படும் தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டும் 325 டாலர், 120 டாலர் கட்டணங்களுக்கு அமெரிக்க வங்கிக் கணக்கு வேண்டும். வெளியே வந்தபோது கணக்கை மூடிவிட்டவர்கள் இங்கே தடுமாறுவார்கள். கோப்பை ஓராண்டுக்கு மேல் தொடாமல் விட்டால் அதை ரத்து செய்யும் நடவடிக்கை தொடங்கலாம். வேலையை முடித்துக்கொண்டு மெதுவாகப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்த்து, செய்தி அனுப்பி வையுங்கள். 16 வயதுக்குப் பிறகு ஓராண்டோ மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் போலீஸ் சான்று வேண்டும். சவூதி, கத்தார், சிங்கப்பூர் என்று வேலைக்காக மாறி மாறி இருந்தவர்கள், அந்தந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போதே வாங்கிக்கொள்வது நல்லது. 2025 நவம்பர் முதல், நேர்காணல் விண்ணப்பதாரர் குடியிருக்கும் நாட்டில்தான், அல்லது அவருடைய சொந்த நாட்டில். எங்கே சீக்கிரம் கிடைக்குமோ அங்கே போய்விடலாம் என்று மூன்றாம் நாட்டுக்கு டிக்கெட் போடாதீர்கள்.

மோசடிக்காரர்களிடம் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கை மனதில் வையுங்கள். 2024 ஏப்ரல் முதல் ஐ-130 இணையத்தில் 625 டாலர், தாளில் 675. மேலே சொன்ன 325, 120, விசா வந்தபின் 235. இணைய மனுவுக்கு அரசுக்குப் போவது மொத்தம் 1,305 டாலர். மருத்துவப் பரிசோதனை தனி. கட்டணங்கள் மாறும், கட்டும் நாளில் அரசுத் தளத்தில் பாருங்கள். படிவங்கள் இலவசம். வக்கீல் வைத்தால் அவருக்குத் தனியாகக் கொடுங்கள், ஆனால் அவர் அமெரிக்காவின் ஏதோ ஒரு மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று தேடிப் பார்த்த பிறகே. படிவத்தை நிரப்பித் தருகிற ஏஜென்ட் பொய் எழுதினாலும் கையெழுத்து உங்களுடையது, தண்டனையும் உங்களுக்கே.

கடைசியாகப் பயணம். விசா கையில் வந்ததும் மனைவி முதலில் போய்விடுவார், கணவர் ஒப்பந்தம் முடிந்து ஆறு மாதம் கழித்து வருவார் என்று திட்டமிடாதீர்கள். வெளிநாட்டில் வாழும் மனுதாரர் மனைவிக்கு முன்போ அவரோடு சேர்ந்தோதான் அமெரிக்காவில் குடியேற வேண்டும். அப்படித்தானே ஐ-864 உடன் எழுதிக் கொடுத்திருக்கிறார். விசாவில் அச்சிட்ட காலாவதித் தேதிக்குள் நுழைந்துவிட வேண்டும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அது முடிந்துவிடும். அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் நிறைந்திருந்தால் பத்து வருட அட்டை. நிறையாவிட்டால் இரண்டு வருட நிபந்தனை அட்டை. விசா அச்சிட்ட பிறகு இரண்டாம் ஆண்டு நிறைந்திருந்தால், முத்திரை வைக்கும் அதிகாரியிடம் அப்போதே திருமணச் சான்றைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். நிபந்தனை அட்டை வந்தவர்கள், அது காலாவதியாகும் தேதிக்கு முந்திய 90 நாளுக்குள் கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டு, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவைக் கொடுத்துவிட வேண்டும். அட்டை வந்த அன்றே அந்தத் தேதியை இருவர் தொலைபேசியிலும் குறித்து வையுங்கள்.